தொண்ணூற்றொன்றாம் ஆண்டுப் பெட்டி

பெட்டி வந்துவிட்டது. எட்டு நாளாக இந்த ஒரு பெட்டிக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். நான் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அதைக் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் முன்னாலேயே? மற்ற நாளெல்லாம் நான் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்ட பிறகுதானே குடோனிலிருந்து பெட்டி வரும். இன்றைக்கு மட்டும் என்ன அவசரம்? மூடியின் மேல் 1991 என்று சாக்கட்டியால் எழுதியிருக்கிறது, என் கையெழுத்துதான், ஒன்பதுக்கு வால் கொஞ்சம் நீளம். சுற்றிக் கட்டியிருந்த சணல் அவிழ்ந்து கிடக்கிறது. நான் போட்ட முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. எலி கடித்திருக்கலாம். முப்பத்துநாலு வருஷத்துச் சணல் தானாகவே இற்றுப் போயிருக்கலாம். ஆனால் முதலில் தோன்றியது யாரோ பிரித்துப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான். "வாங்க சார். இன்னைக்கு தொண்ணூத்தொண்ணு" என்கிறாள் சிந்துஜா, ஸ்கேனர் போடுகிற பெண், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லாப் பெட்டியையும் அவள் இப்படித்தான் சொல்வாள், எண்பத்தி மூணு, எண்பத்தி ஆறு என்று. இன்றைக்குச் சொன்னதில் ஓர் அழுத்தம் இருந்ததா? இருந்த மாதிரிதான் இருந்தது. சட்டைக் காலர் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். போட்டுத்தான் இருக்கிறது.

கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம்தான். நான் வேலையை விட்டுப் பதின்மூன்று வருஷம் ஆகிறது, ஒரு ஆயுத பூஜைக்குக்கூடக் கூப்பிட்டு ஒரு பிடி பொரி கொடுக்காத கம்பெனி. திடீரென்று மேனேஜர் திவாகர் போன் பண்ணுகிறார். "நாச்சிமுத்து அய்யாங்களா? பழைய எக்ஸ்ரே படமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறோமுங்க. கவர் மேல டோக்கன் நம்பர் மட்டுந்தான் இருக்குது, ஆள் பதிவேடு பாதி செல்லரிச்சுப் போச்சு. உங்களுக்கு எந்த நம்பர் யாருன்னு ஞாபகம் இருக்கும்னு சொன்னாங்க." யார் சொன்னது? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வெங்கச்சங்கல்லை உடைத்து மாவாக அரைத்து, மூட்டை மூட்டையாகக் கண்ணாடி செய்கிற இடங்களுக்கு அனுப்புகிற ஆலை இது. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஆளுக்கும் நெஞ்சுப்படம் எடுத்து வைக்கவேண்டும் என்பது சட்டம். எழுபத்தேழிலிருந்து எடுத்தது நான். திட்டத்துக்கு இப்போது 'நீண்டகாலப் பாதுகாப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கதவிலேயே ஒட்டியிருக்கிறது. நெஞ்சைப் பாதுகாக்க ஒரு முகமூடி வாங்கிக் கொடுக்கத் துப்பில்லை, நெஞ்சின் படத்தைப் பாதுகாக்க ஏ.சி. அறை. விஷயம் இல்லாமல் இவ்வளவு அக்கறை வருமா? விஷயம் என்ன என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. செத்துப்போனவர்களின் நாற்பது குடும்பங்களுக்காக ஒரு சங்கம் வழக்குப் போட்டிருக்கிறது. இவர்கள் பீடி குடித்துச் சாகவில்லை, காசத்தில் சாகவில்லை, கல்மாவு தின்று செத்தார்கள் என்று எழுத்தில் ஒப்புக்கொள் என்கிறது. எங்களிடம் இருந்தவரைக்கும் எல்லார் நெஞ்சும் சுத்தமாகத்தான் இருந்தது, படமே இருக்கிறது என்று கம்பெனி சொல்கிறது. படத்தைக் கொண்டுவா என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஸ்கேன் ஆன படமெல்லாம் சாக்குக்குள் போய்விடும், சாக்கை, படத்திலிருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது மட்டும்தான் உண்மை.

அதில் பதினேழு பேருடைய நெஞ்சு என்னுடையது. யாரிடமும் சொன்னதில்லை, எனக்குள்ளேகூட இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை. தொண்ணூறாம் வருஷப் படத்தில் மூன்று பேர் நெஞ்சில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது, மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் இருமல் இருக்கிறவன் எவனும் எக்ஸ்ரே அறைப் பக்கமே வரவில்லை. சரியாகப் பதினேழு பேர். வியாழக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராக்கியப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறான், மிதிக்க மூச்சில்லாமல். "எம் படம் வேண்டாம் நாச்சி. எடுத்தீன்னா வூட்டுக்குத் தொரத்திருவானுங்க. மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? எவனோ ஒருத்தன் நல்ல நெஞ்சா பாத்து எம் நம்பர போட்டு வெச்சுரு." அவனுக்காக என்று மட்டும் சொன்னால் பொய். படம் குறைந்தால் என் வேலையும் போகும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் எக்ஸ்ரே அறை கூட்டுகிற ஆயாவை சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் சட்டையைக் கழற்றினேன். படத்தில் விழுகிற ஈய நம்பர்களை மாற்றி மாற்றி ஒட்டி, மோவாயைத் தூக்கி வைத்து, தோளை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பதினேழு தடவை நின்றேன். ஒன்றுபோல் இருக்கக்கூடாது என்று ஒரு தடவை அரை மூச்சு, ஒரு தடவை கொஞ்சம் சாய்ந்து. என்ன புத்திசாலித்தனம்! இருட்டறையில் கழுவிக் கம்பியில் வரிசையாகத் தொங்கப்போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. பதினாலு வயதில் கிணற்று மேட்டிலிருந்து விழுந்து உடைந்த என் இடது காரை எலும்பு, வைத்தியன் கட்டுப் போட்டுக் கோணலாகக் கூடி ஒரு கணு விழுந்திருக்கும், அந்தக் கணு பதினேழு படத்திலும் ஒரே இடத்தில். பதினேழு பேரும் ஒரே கிணற்றில் விழுந்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்தார், கவர்களை எண்ணிப் பார்த்தார், போனார். டாக்டர் எல்லாருக்கும் 'இயல்பு' என்று எழுதினார். பதினேழு பேரும் மறுபடி மாவுக்குள் இறங்கினார்கள்.

காலர் பட்டனை ஏன் போடுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமோ. மூன்றாம் நாள் கேட்டாளே, "சார், கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கீங்களே, புழுங்கலையா?" என்று. ஏ.சி. அறையில் என்ன புழுக்கம்? கேட்கவேண்டிய கேள்வியா அது? நான் "சளி புடிச்சிருக்குது அம்மிணி" என்றேன். அன்றைக்கே மத்தியானம் எனக்கு ஒரு இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். எதற்கு மிட்டாய்? ஆள் யார் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்று நானும் சும்மா பேச்சுக் கொடுப்பது மாதிரிக் கேட்டேன், ஊர் எது, அப்பா என்ன செய்கிறார். "ஒட்டன்சத்திரம் சார். அப்பா பஸ் கண்டக்டர்." இருக்கிறாரா? "ஏன் சார், நல்லாத்தான் இருக்காரு." நல்லாத்தான் இருக்கிறார் என்று ஏன் அழுத்திச் சொன்னாள்? பதினேழு பேரில் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒருத்தன் இருந்தான், பெரியண்ணன், டோக்கன் முப்பத்தெட்டு. அவனுக்குப் பெண் பேத்தி யாராவது? வயது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒத்து வருகிற மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. சங்கத்துக்காரர்கள் அனுப்பி வைத்த ஆளாக இருந்தால்? இல்லை, கம்பெனியே என்னைச் சோதிக்க வைத்த ஆளாக இருந்தால்? மேஜையில் செல்போனை எப்போதும் நிமிர்த்தி, டம்ளரில் சாய்த்து வைத்திருக்கிறாள், கேமராக் கண் என்னைப் பார்த்து. பாட்டுக் கேட்பதற்காம். நேற்று அவள் கைகழுவப் போனபோது அந்த டம்ளரை ஒரு விரலால் திருப்பி வைத்தேன். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி பழைய மாதிரியே வைத்தாள். ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு உதைக்கிறது.

"ஆரம்பிக்கலாமா சார்?" கவரைப் பிரித்துப் படத்தை உருவி விளக்குப் பெட்டியின் மேல் வைப்பது நான். நம்பரைப் படித்துப் பெயரைச் சொல்வது நான். அவள் டைப் அடிப்பாள், படத்தை வாங்கி ஸ்கேனரின் வாயில் கொடுப்பாள், அது உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் துப்பும், துப்பியது சாக்குக்குள். ஒரு படத்துக்கு அரை நிமிஷம். ஒன்று, காத்தவராயன். இரண்டு, வெள்ளியங்கிரி. நாலு, மாரக்காள், மூட்டை தைக்கிற பிரிவு. மூன்று ஏன் இல்லை என்றால் மூன்று அதற்கு முந்தின வருஷமே செத்துப்போனான். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, அதில் எனக்கு வெட்கமில்லாத ஒரு பெருமை. எழுபத்தெட்டு எழுபத்தொன்பது படமெல்லாம் புளித்த மோர் வாசனை அடித்தது, விளிம்பெல்லாம் பழுப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிக்க உரிக்க மேல்தோல் போயிற்று. அப்போது எனக்குத் தொழில் தெரியாது. அப்புறம் கற்றுக்கொண்டேன், மருந்து போகிறவரைக்கும் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் போட வேண்டும் என்று. தொண்ணூற்றொன்று படம் இன்றைக்கு எடுத்த மாதிரி இருக்கிறது. அந்தப் பதினேழையும் பயத்தில் முக்கால் மணி நேரம் கழுவினேன். அவை இன்னும் பளிச்சென்று இருக்குமே. பொய்யை இவ்வளவு நன்றாகக் கழுவி வைத்த முட்டாள் உலகத்தில் உண்டா. பதினொன்று, சடையப்பன். "மூச்ச இழு, புடி, விடு." அதைத் தவிர இவர்களிடம் நான் வேறு என்ன பேசியிருக்கிறேன்? முப்பத்தைந்து வருஷம், மூச்ச இழு, புடி, விடு. கடைசி வருஷங்களில் இழுக்கச் சொன்னால் இருமல் வரும், பிடிக்கச் சொன்னால் முகம் கறுக்கும். விடச் சொல்லவே வேண்டாம்.

முப்பத்தேழு போயிற்று. அடுத்த கவர் கையில் இருக்கிறது, பெண் பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கிறாள். உருவி வைத்தேன். விளக்கின் மேல் என் நெஞ்சு. முப்பத்தேழு வயதில் இருந்த என் நெஞ்சு, இரண்டு பக்கமும் கறுத்த வெற்றிடம், ஒரு பொட்டு இல்லை, மேலே இடது பக்கம் அந்தக் கணு, சுண்டைக்காய் அளவு. அறையிலேயே சத்தம் போட்டுச் சொல்வது போல் எனக்குத் தெரிகிறது. "முப்பத்தெட்டு, பெரியண்ணன்" என்றேன், குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பெரியண்ணன் என்ற பெயருக்கு அவள் முகத்தில் ஏதாவது ஓடுகிறதா? ஒன்றும் ஓடவில்லை. டைப் அடித்தாள். படத்தை வாங்கிக் கொடுத்தாள். அது உள்ளே போய் வெளியே வந்து சாக்கில் விழுந்தது. அவ்வளவுதான். நடிக்கிறாள் என்று நினைத்தேன். முதல் படத்திலேயே பிடித்தால் நான் உஷாராகிவிடுவேன் என்று விட்டுப்பிடிக்கிறாள். நாற்பத்து நாலில் பார்ப்பாள். நாற்பத்து நாலு, முத்துக்கவுண்டர் மகன் செங்கோடன், என் நெஞ்சு, அரை மூச்சு. டைப். சாக்கு. அறுபத்தொன்று, என் நெஞ்சு, கொஞ்சம் சாய்வு. "சார், கொஞ்சம் வேகமா சொல்லுங்க சார், லஞ்சுக்குள்ள முடிச்சிடலாம்." அவசரப்படுத்தி வாயைக் கிளறப் பார்க்கிறாளோ. கம்ப்யூட்டரே ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்க்குமாமே, முகம் பார்த்து ஆளைச் சொல்லிவிடுமாமே, எலும்பு பார்த்துச் சொல்லாதா? எந்த நிமிஷமும் அந்தத் திரையில் சிவப்பாக ஏதாவது எரியும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாக ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டது.

கதவு திறந்து திவாகர் வந்தார். நேரம் பார்த்து வந்த மாதிரி, நூற்றிருபத்திரண்டு என் கையில் இருக்கும்போது, அது என்னுடையதில் எட்டாவது. "அய்யா, எப்படிப் போவுது தொண்ணூத்தொண்ணு?" "போவுதுங்க." "நல்லா பாத்துச் சொல்லுங்க அய்யா, இதுதான் நமக்கு முக்கியமான பெட்டி. அந்த வருசம் ஒரு நெஞ்சுலகூட ஒரு கோடு இல்லைன்னு ரிப்போர்ட்டு. இத வெச்சுத்தான் வக்கீல் பேசப்போறாரு." என் முதுகைத் தட்டினார், காரை எலும்புக்கு நாலு விரல்கடை பின்னால். "சாயங்காலம் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க, எல்லாப் படமும் அந்தந்த ஆளுதுதான்னு. உங்களவிட யாரு சொல்ல முடியும்?" போய்விட்டார். ஓகோ. நம்பர் சொல்லக் கூப்பிட்டதில்லை, கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரிந்து கூப்பிட்டார்களா, தெரியாமலா? தெரிந்திருந்தால் இவ்வளவு லேசாக முதுகைத் தட்டுவாரா? தெரிந்திருந்தால்தான் தட்டுவார். அந்தக் காலத்து ஆபீசர் யாராவது சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கலாம், எக்ஸ்ரேக்காரன் நம்ம ஆள், கூப்பிட்டால் வருவான் என்று. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த காரியம் இவர்களுக்கு இன்னும் வேலை செய்கிறது. சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற ஒரே தொழிலாளி என் நெஞ்சுதான். தண்ணீர் குடித்தேன்.

ராக்கியப்பன் அதற்கப்புறம் மூன்று வருஷம் மாவில் நின்றான். அந்த வருஷங்களில் இன்ஸ்பெக்டரும் வரவில்லை, அவனும் படத்துக்கு வரவில்லை. சாயங்காலம் கேட்டை விட்டு வெளியே வரும்போது இமை முடி வெள்ளையாக இருக்கும், என்னைப் பார்த்தால் சிரிப்பான், "உன்ற நெஞ்சு நல்லா ஓடுது நாச்சி" என்பான். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஆறு மாதம் கழித்து அவன் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டான். தொண்ணூற்று நாலில் மாடிப்படி ஏற முடியவில்லை என்று அவர்களாகவே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அப்புறம் இரண்டு வருஷம் அவன் படுக்கவே இல்லை, படுத்தால் மூச்சு அடைக்கும், கட்டிலில் உட்கார்ந்து முன்னால் இரண்டு தலையணையைப் போட்டு அதன் மேல் கவிழ்ந்து தூங்குவான். ஒரு தடவைதான் பார்க்கப் போனேன். பேச அவனுக்கு மூச்சில்லை, என் சட்டைப் பொத்தானுக்கு மேல் ஒரு விரலை வைத்தான், நெஞ்சின் நடுவில். என்ன அர்த்தம்? உன் நெஞ்சு என்றா, உன்னால் என்றா, நல்லா இரு என்றா? நான் அந்த விரலை ஆயிரம் தடவை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன், ஒரு தடவையும் அது எனக்குச் சாதகமாக முடிந்ததில்லை. பீடியைக் கையால் தொடாதவன். பீடி குடித்துக் காசம் வந்து செத்தான் என்று எழுதினார்கள். காச வீடு என்று சொல்லி அவன் மூத்த பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். முதலிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பானா? சொல்ல முடியாது. தொண்ணூறில் அனுப்பின மூன்று பேரில் இரண்டு பேர் செத்துத்தான் போனார்கள். ஒருத்தன் இருக்கிறான். அந்த ஒருத்தன் இருக்கிறானே, அவனால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்து மூன்று, நூற்று எழுபது. என்னுடையவை வரிசையாக வருகின்றன, நான் பெயர் சொல்கிறேன், அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. நடிப்பில்லை. இவ்வளவு நேரம் ஒருத்தரால் நடிக்க முடியாது. அவளுக்கு வேண்டியது நம்பர், பெயர், படம் ரொம்பக் கறுப்பா ரொம்ப வெளுப்பா என்பது மட்டும்தான். ஒரு விரலால் தாளம் போட்டுக்கொண்டு, இடையில் அம்மாவிடம் "சாம்பார் வேண்டாம்மா, ரசம் போதும்" என்று போனில் பேசிக்கொண்டு, என் நெஞ்சைப் பதினைந்து தடவை வாங்கிச் சாக்கில் போட்டுவிட்டாள். சங்கத்து ஆளும் இல்லை, கம்பெனி ஒற்றனும் இல்லை. ஒட்டன்சத்திரத்துக் கண்டக்டர் மகள். புழுக்கமாக இருக்குமே என்றுதான் கேட்டிருக்கிறாள், இருமினேன் என்றுதான் மிட்டாய் கொடுத்திருக்கிறாள். எட்டு நாளாக அந்தப் பெண்ணை நான் என்னவெல்லாம் நினைத்தேன்! நிம்மதியாக இருக்க வேண்டும், மேல்பட்டனைக் கழற்றிவிட்டு மூச்சு விட வேண்டும். ஆனால் வந்தது நிம்மதி இல்லை. யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்று நான் பயந்த முப்பத்துநாலு வருஷமும், யாரோ ஒருத்தர் பார்ப்பார்கள் என்று உள்ளே ஒரு பக்கம் நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறேன் போல. இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லை. டாக்டர் பார்க்கவில்லை. இந்தப் பெண் பார்க்கவில்லை. வக்கீல் பார்க்கப் போகிறாரா, ஜட்ஜ் விளக்கில் வைத்துக் காரை எலும்பை எண்ணப் போகிறாரா? பச்சை டிக். இருநூற்றொன்று, பதினாறாவது, டைப், சாக்கு. பிடிபடவே மாட்டேன். எனக்கு அழுகை வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சார், இதுல நம்பர் இல்ல." கடைசிக்கு முன்னால் இருந்த கவர். செல் கவரின் மூலையை நம்பரோடு தின்றிருக்கிறது. படத்தில் ஈய நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும். தெரியும் எனக்கு. பதினேழாவது தடவை நின்றபோது கால் துவண்டுவிட்டது, ஒட்டின பிளாஸ்திரி நழுவி நம்பர் படத்துக்கு வெளியே போய்விட்டது, இன்னொன்று எடுக்கத் தெம்பில்லாமல் கவர் மேல் எழுதினால் போதும் என்று விட்டுவிட்டேன். இருநூற்று ஒன்பது. ராக்கியப்பன். "யாரு சார் இது? ஞாபகம் இருக்கா? இல்லைன்னா அடையாளம் தெரியாததுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல போட்டுரலாம்." அப்படி ஒன்று இருக்கிறதா! தெரியலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராக்கியப்பனுக்குத் தொண்ணூற்றொன்றில் சுத்தமான படமே இருக்காது. அவன் பெண்டாட்டி பாவாயிக்கு எதிராகக் காட்ட ஒன்று குறையும். நானும் மாட்டிக்கொள்ள மாட்டேன். அவனுக்கு நல்லதும் ஆயிற்று, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, இதைவிட என்ன வேண்டும்? தெரியலை. எவ்வளவு சின்னச் சொல். அதை ஏற்கெனவே ஒருமுறை பாவாயியிடமே சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில், மஞ்சள் பையில் மனுக்களை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏனுங் அண்ணா, அவருக்குப் படம் எடுத்தது நீங்கதானுங்களே. அதுல ஒண்ணுமே இல்லைங்கறாங்க. நெசமாவே ஒண்ணுந் தெரியலீங்களா?" அவள் முகத்தில் சண்டை இல்லை, சந்தேகம்கூட இல்லை. என்னை நம்பிக் கேட்டாள். "ஒண்ணுந் தெரியலையே அம்மிணி" என்றேன். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள். சந்தேகப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தப் படத்தை மட்டும் தெரியாததில் போட்டால் போதுமா, மற்ற பதினாறு பேர் வீட்டிலும் ஒவ்வொரு பாவாயி இருக்கிறாள். டாக்டர் ரிப்போர்ட்டில் இருநூற்று ஒன்பதுக்கு நேரே 'இயல்பு' என்று அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை என்றால் ஏன் என்பார்கள். எழுபத்தொரு வயதில் போலீஸ், கோர்ட்டு, பேப்பரில் பெயர், மகன் முகத்தில் முழிக்க முடியாது. மகள் வீட்டில் என்ன சொல்வார்கள். தெரியலை, தெரியலை, தெரியலை என்று உள்ளே ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான், அவனை நிறுத்தவும் முடியவில்லை. "சார்? பசிக்குது சார், யாருன்னு சொன்னீங்கன்னா இன்னும் ரெண்டே படம்." விளக்கின் மேல் அது எரிந்துகொண்டிருந்தது, முழு மூச்சு இழுத்துப் பிடித்த, நோயில்லாத நெஞ்சு.

"நான்."

"என்ன சார்?"

"அது நான்தான் அம்மிணி. நாச்சிமுத்து."

"ஓ, உங்களுக்கும் எடுத்தாங்களா சார்?" டைப் அடித்தாள். "இனிஷியல்?"

"க."

க. நாச்சிமுத்து என்று திரையில் வந்தது. இடியொன்றும் விழவில்லை. பச்சை டிக் அடித்தது. படத்தை எடுத்து ஸ்கேனருக்குக் கொடுக்கக் கையை நீட்டினாள், நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், இத்தனை நாளில் அவளைத் தொட்டதில்லை, பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"சாக்குல போன படத்தையெல்லாம் வெளிய கொட்டு அம்மிணி. அதுல இன்னும் பதினாறு இருக்குது."

"எதுக்கு சார்? நம்பர் தப்பா அடிச்சிட்டனா?"

"இல்ல கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நம்பரெல்லாம் சரிதான், ஆளுதான் தப்பு." மேல்பட்டனைக் கழற்றிக் காலரை விலக்கினேன். "இங்க பாரு. பாத்துட்டு, அதையும் பாரு."

அவள் என் காரை எலும்பின் கணுவைப் பார்த்தாள். அப்புறம், எட்டு நாளில் முதல் தடவையாக, குனிந்து படத்தைப் பார்த்தாள்.